மைனஸில் வந்த குப்பம்

ஃபை என்கிற தொடர்பு எண் மைனஸில் வந்தது. அன்று காலை எனக்கு வந்த முதல் சந்தேகம், யாரோ கோடிங்கை, உண்டுக்கு இல்லை என்று, தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான்.

காரைக்கால் டவுனில் ஒரு மாடியில் எங்கள் ஆய்வு அலுவலகம். டேட்டா பார்ப்பது என் வேலை. வந்திருந்த கேள்வி நேரானது. கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம், பேர் வேண்டாம். படகு ஏறும் இடத்தை ஒட்டி ஒரு பிராந்திக் கடை. அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் குப்பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் மல்லிகா என்ற பெண். மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிறவர்கள் எங்களிடம் ஆய்வு கேட்டார்கள். கடை பக்கத்தில் இருப்பதற்கும் வீட்டில் பெண்கள் அடி வாங்குவதற்கும் தொடர்பு உண்டா? எங்கள் ரிப்போர்ட்டை வைத்துத்தான் கடை நகரும், அல்லது நகராது.

ஒப்பிட்டுப் பார்க்க, கடையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் விவசாய ஊர்களையும் எடுத்துக்கொண்டோம்.

டேபிள் சொன்னது

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் கடை அருகில், கடை தள்ளி. இன்னொரு பக்கம் அடி உண்டு, இல்லை. நாலு கட்டம். இதுதான் கிராஸ்டேப். தற்செயலாக இப்படி விழுந்திருக்குமா, நிஜமாகவே தொடர்பு இருக்குமா என்று கை-ஸ்கொயர் என்ற சோதனை சொல்லும். தொடர்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு பலம் என்று அது சொல்லாது. அதற்கு ஃபை பார்க்க வேண்டும்.

கை-ஸ்கொயர் பலமாகத் தொடர்பு இருக்கிறது என்றது. ஃபை மைனஸ். அதாவது, கடை பக்கத்தில் இருக்கிற குப்பத்தில் அடி குறைவு, தள்ளி இருக்கிற ஊர்களில் அதிகம். இதை நம்புகிறவன் பிராந்திக் கடையைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே திறக்கலாம்.

கோடிங்கைப் பார்த்தேன், சரியாக இருந்தது. டேப்லெட்டில் பதிவான நேரங்களைப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே நேரம்தான், கேள்வி கேட்கப் போகும் எங்கள் பெண்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேரும் முற்பகல். பிறகுதான் ஃபீல்டு சூப்பர்வைசர் பாத்திமாவைக் கூப்பிட்டு, கேள்வி கேட்டபோது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

மீனவர் ஊரில் யார் என்ன கணக்கெடுக்கப் போனாலும் முதலில் பஞ்சாயத்தாரிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அதுதான் மரியாதை. பாத்திமாவும் வாங்கியிருக்கிறாள். அவர்களும் பெரிய மனதோடு முதல் நாளே கோயில் மைக்கில் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு டவுனிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், கடை விஷயமாகக் கேட்பார்கள், வீட்டில் இருந்து நல்லபடியாகப் பதில் சொல்லுங்கள். விடியலில் கடலுக்குப் போய்த் திரும்பிய ஆண்கள் யாரும் வெளியே கிளம்பவில்லை. விவசாய ஊர்களில் யாரிடமும் கேட்காமல் நேரே உள்ளே போனோம். ஆண்கள் வயலுக்கும் வேலைக்கும் போயிருந்தார்கள். பெண்கள் தனியாக இருந்தார்கள், மனம்விட்டுப் பேசினார்கள்.

மல்லிகா வீட்டுக்குப் போனது பாத்திமாதான். "வீட்டுக்காரரு வாசல்லயே கிழிஞ்ச வலைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாருக்கா," என்றாள். "நான் கேள்விய படிச்சு முடிக்கவே இல்ல. இல்லன்னு எழுதிக்கங்கன்னு சொல்லிட்டாங்க. முந்தானைய கன்னத்த மறைச்சு காது வரைக்கும் இழுத்து விட்டிருந்தாங்க. நான் வேற என்னத்த எழுதறது?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. டேப்லெட்டில் இரண்டு பொத்தான்தான் இருந்தது, முந்தானைக்கு ஒரு பொத்தான் கிடையாது.

டைரக்டர் அறை

டைரக்டர் சார் படித்தவர், நல்லவரும்கூட. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். நாம் அளந்தது கடைக்கும் அடிக்கும் உள்ள தொடர்பை அல்ல, புருஷன் பக்கத்தில் இருப்பதற்கும் பெண்டாட்டி வாய் திறப்பதற்கும் உள்ள தொடர்பை என்றேன். ஆண்கள் கடலில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் குப்பத்தில் மட்டும் மறுபடி கேட்போம் என்றேன். ரிப்போர்ட்டுக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது என்றார் அவர்.

"தொடர்பு இருந்தாலே காரணம்னு சொல்லிடாதீங்கன்னு ட்ரெய்னிங்ல நீங்கதானம்மா சொல்றீங்க? நாமளும் காரணம்னு எதையும் சொல்லலையே. கடை கிட்ட இருக்கறதால அடி அதிகம்னு டேட்டால இல்ல. அத மட்டும்தான் எழுதறோம். மனு போட்ட பொம்பளையே எங்க வீட்ல அடி இல்லன்னுதானே சொல்லியிருக்கு?"

எதிர்த்துப் பேசினேன், அரை நாள் பேசினேன். கடைசியில் நான் எழுதிய எச்சரிக்கை ஒரு பத்தியாகப் பின்னிணைப்பில் போனது. முன்பக்கச் சுருக்கத்தில், கடையின் அருகாமைக்கும் வீட்டு வன்முறைக்கும் நேர்த்தொடர்பு காணப்படவில்லை என்று அச்சாகி வந்தது. முடிவெடுக்கிறவர்கள் பின்னிணைப்பு வரை படித்து நான் பார்த்ததில்லை. கடை அங்கேயே இருந்தது.

ஒரு மழைக்காலம் போயிருக்கும். பாத்திமா அலுவலகத்துக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேஜை முன்னால் நின்றாள்.

"அக்கா, மல்லிகா மவுத்தாயிட்டாங்க. வழுக்கி விழுந்து இறந்துட்டாங்கன்னு சொல்றாங்க."

அவள் அழுதாள். நான் அலமாரியிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பின்னிணைப்பைத் திறந்து பார்த்தேன்.

மறுபடியும் அதே வீடு

அதற்குப் பிறகு என் கைக்கு வரும் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் சேர்க்கிறேன். கேள்வி கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? அந்தக் கட்டம் இல்லாத டேட்டாவில் நான் கை-ஸ்கொயர் போடுவதில்லை. டைரக்டர் சார் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

பெண்கள் உடல்நலம் பற்றி வேறொரு சர்வே வந்தது. அதிலும் அடி பற்றிய கேள்வி உண்டு. சாம்பிளில் அந்தக் குப்பமும் விழுந்தது. இந்தத் தடவை பஞ்சாயத்தாரிடம் நானே போய் அனுமதி வாங்கினேன், மைக்கில் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். ஆண்கள் கடலுக்குப் போன பிறகு, பொழுது விடிகிற சமயத்தில் நானும் பாத்திமாவும் வீடு வீடாகப் போனோம். பெண்கள் பேசினார்கள். உண்டு, உண்டு என்று பொத்தானை அமுக்கிக்கொண்டே போனேன்.

மல்லிகா வீடும் பட்டியலில் இருந்தது. அவளுடைய ஓர்ப்படி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மல்லிகாவின் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் இப்போது அவள்தான் சோறாக்கிப் போடுகிறாள். வேறு யாரும் இல்லை. பக்கத்தில் யார் என்ற கட்டத்தில் யாரும் இல்லை என்று போட்டுவிட்டு, கேள்வியை முழுசாகப் படித்தேன். இந்த வீட்டில் பெண்களை அடிப்பது உண்டா?

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப இல்லைங்க. அடி வாங்கினவதான் போயிட்டாளே."

இல்லை என்று பதிந்தேன். பாத்திமா அன்றைக்கு அமுக்கியதும் அதே பொத்தான்தான்.