ஒரு கிலோகூட இல்லாத மடிக்கணினியோடு பத்து காஜாவுக்கு

போன மாதம் ஈப்போ பக்கத்து ஊரான பத்து காஜாவைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் போய்வந்தேன். வேலையோடு ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு எந்த மடிக்கணினி தோது என்று இங்கே கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் புதிதாக ஒன்று வாங்கியிருந்தேன். பதின்மூன்று அங்குலத் திரை, எடை ஒரு கிலோவுக்கும் கீழே, ஆபீஸ்காரர்களுக்கென்றே செய்தது. ஒரு பயணத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், அதனால் எழுதுகிறேன். மனசே இல்லாமல்தான் எழுதுகிறேன்.

பயணத்துக்குக் காரணம் சுமதி. என் பள்ளித் தோழி, கோலாலம்பூரில் வழக்கறிஞர். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், இன்னும் பதினோரு குடும்பங்கள் இருக்கின்றன. ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து, நிலம் இப்போது வேறொரு கம்பெனியின் கையில். லயத்து வீடும் மனையும் உங்களுக்கே என்று பழைய மேனேஜர் வாயால் சொன்னதை நேரில் கேட்டவர்களில் மிஞ்சியிருப்பது பாக்கியம் அக்கா ஒருவர்தான். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு நடுவரிடம் அவர் அதை இணையம் வழியாகச் சொல்ல வேண்டும். சொன்னால் மனைக்கு ஒரு வழி பிறக்கலாம். இல்லாவிட்டால் எல்லாரும் சிம்பாங் பூலாய் பக்கம் அடுக்குமாடிக்குப் போக வேண்டியதுதான். "கைப்பேசியில பேசினா எடுபடாதுடி, உன் கம்ப்யூட்டரக் கொண்டு போ லா" என்றாள் சுமதி. சரி, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பினேன்.

முதல் நாள் காலையே கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினேன். ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம், டிக்கெட் 46 வெள்ளி, அதாவது ரிங்கிட். மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தேன். விசைப்பலகைக்குக் குறை சொல்ல முடியாது. விரலுக்கு நன்றாக ஈடுகொடுக்கிறது. திரை கூசவில்லை. ஈப்போ வரும்போது பேட்டரி பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தொடைதான் கொஞ்சம் சுட்டது. வாங்கும்போது சிம் கார்டு போடுகிற மாடலும் இருந்தது. எடை கூடும் என்று அதை விட்டுவிட்டேன். ஒலிபெருக்கியை அடிப்பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், உடம்பு ஒல்லியாக இருக்க வேண்டுமாம். அதையும் அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஈப்போ பழைய டவுனில் ஒரு கோப்பிக் கடையில்தான் இதன் சாமர்த்தியத்தைப் பார்த்தேன். மதிய நேரம், கோப்பை சாசர் சத்தம், ஆர்டர் கத்துகிற சத்தம், பக்கத்து மேசையில் நாலு பேர் சண்டை போடுகிற மாதிரி பேச்சு. சுமதியை வீடியோவில் கூப்பிட்டேன். "எங்கடி இருக்க, லைப்ரரியிலயா?" என்றாள். பின்னால் கேட்கும் சத்தத்தை எல்லாம் வடிகட்டி, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளின் குரலை மட்டும் அனுப்புகிற வசதி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்று அன்றைக்கே குறிப்பும் எழுதி வைத்தேன்.

மறுநாள் ஈப்போவிலிருந்து வாடகைக் காடி பிடித்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், 38 வெள்ளி. ஓட்டுநர் அண்ணே கேட்டார்: "உள்ள யாரும் இல்லையேம்மா, செம்பனதானே இருக்கு?"

"பதினோரு வீடு இருக்குண்ணே."

"இன்னுமா இருக்காங்க!" என்றார். செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினேன்.

கூட்டம் நடக்கும் இடம் ஆயாக் கொட்டகை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன பெண்கள் ஒரு காலத்தில் பிள்ளைகளை விட்டுப் போன இடம். தலைக்கு மேலே மின்விசிறி லொடலொடவென்று ஆடியது. ஒரு மேசை போட்டு, ஒய்.பி. என்கிற சட்டமன்ற உறுப்பினர் வந்தால் விரிக்கிற சிவப்பு வெல்வெட் துணியை விரித்திருந்தார்கள். அந்தத் துணியின் மேலே கணினியை வைத்தேன். பாக்கியம் அக்கா ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறவர். அன்றைக்கு லீவு போட்டு, பச்சைப் பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். சொல்ல வேண்டியதை மலாயில் ஒரு வாரமாகப் பாடம் பண்ணி வைத்திருக்கிறார். உட்கார வைத்து ஒரு தடவை சோதித்தோம். "செலாமாட் பாகி, துவான்" என்று துரைக்குக் காலை வணக்கம் சொன்னார். கணீரென்று கேட்கிறது என்றாள் கோலாலம்பூரிலிருந்து சுமதி.

கொட்டகைக்குள் இணையம் எடுக்கவில்லை. என் கைப்பேசியிலிருந்துதான் கணினிக்கு இணைப்பு. வெளியே ஜன்னலோரம் ஒரு பெஞ்சில் ஏறிக் கையை உயர்த்திப் பிடித்தால் வந்தது. அழைப்பு வந்தால் அறுந்துவிடுமோ என்று பயந்து, யாரும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று நானே சொல்லிவிட்டேன். நான் வெளியே பெஞ்சிலேயே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்க, பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே அக்காவின் குரல். தடுமாற்றமே இல்லை. மேனேஜர் பேர், எந்த மரத்தடியில் நின்று சொன்னார், கூட யார் யார் இருந்தார்கள், எல்லாம் அடுக்கடுக்காக வந்தது. கை கடுத்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே நின்றேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

முடிந்ததும் முதல் அழைப்பு சுமதியுடையது. "அக்கா ஏன்டி ஒண்ணுமே பேசல?"

எனக்குப் புரியவில்லை. "நல்லா பேசினாங்களே!"

"நாற்காலிதான் தெரிஞ்சது. அதுக்குப் பின்னால பச்சச் சேல கொஞ்சம். நடுவர் மூணு தடவ கேட்டாரு. நானும் கத்தினேன், எழுதியும் போட்டேன். ஒரு சத்தமும் வரல. சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு எடுத்துக்கிறேன்னு சொல்லி முடிச்சிட்டாரு."

உள்ளே ஓடினேன். நாற்காலி காலியாக இருந்தது. அக்கா இன்னும் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பின்னால் மற்றவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். திரையில் நடுவர் முகம் வந்து இவர் பேரைச் சொன்னதும், அக்கா எழுந்து, நாலு எட்டு பின்னால் போய் நின்றிருக்கிறார். தோட்டத்தில் விடியும் முன்னே பேர் கூப்பிடுகிற பெரட்டில் அப்படித்தான் நிற்பார்கள். அங்கே நின்றபடியேதான் அத்தனையும் சொல்லியிருக்கிறார். முன்னால் ஆள் இல்லை என்றதும், அவர் குரலையும் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்து வடிகட்டித் தள்ளிவிட்டது என் கணினி. நடுவர் கேட்ட கேள்வியை, அடிப்பக்க ஒலிபெருக்கியை மூடிய வெல்வெட் துணி விழுங்கிவிட்டது. உதடு அசைகிறது, தலை அசைகிறது, துவான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அக்கா நினைத்திருக்கிறார்.

"ஏன்க்கா எழுந்தீங்க?" என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்தது, மறைக்கவில்லை.

"தொர பேசுறப்ப எப்படிம்மா குந்தியிருக்கிறது?" என்றார் சாதாரணமாக. பிறகு, "நல்லா கேட்டுச்சா?"

நான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நேரம் நான் யாருகிட்டம்மா பேசினேன்?"

இன்னொரு முறை பேச நேரம் கேட்டு அன்றே சுமதி எழுதினாள். தேவையில்லை என்று நடுவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. தீபாவளி முடிந்ததும் காலி பண்ண வேண்டும். கிளம்பும்போது அக்கா எனக்கு மீகூன், அரிசிச் சேமியா, வறுத்துக் கட்டிக் கொடுத்தார். அதை ரயிலில் பிரிக்கவே முடியவில்லை.

போகிறவர்களுக்கு: என்னைப் போல ஈப்போவில் இறங்கிச் சுற்றாதீர்கள், சில ரயில்கள் பத்து காஜாவிலேயே நிற்கும். தோட்டத்துக்குள் போன காடி திரும்பி வராது, காத்திருக்கச் சொல்லிக் கூடக் கொடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: கணினி நல்ல கணினிதான். ஒரு கோளாறும் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். செய்தவன் நினைத்ததை அது செய்தது. மேசை முன்னால் உட்கார்ந்து பேசிப் பழகிய ஒரே ஒரு ஆளுக்காகச் செய்தது, மற்ற எல்லாரும் அதற்கு இரைச்சல். உங்களுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். நாலு பேருக்கு என்றால் எடையைப் பார்க்காமல் சிம் போடுகிற மாடலை எடுங்கள், தனி ஒலிபெருக்கி கொண்டுபோங்கள், இரைச்சல் வடிகட்டியை அணைத்துவிடுங்கள், மேசைத் துணியை எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: யார் முகம் திரையில் வந்தாலும் எழுந்திருக்காதீர்கள், உட்கார்ந்தே பேசுங்கள். அந்தத் தோட்டத்தில் அக்காவிடம் இதை யாரும் சொன்னதில்லை. கேமராவைப் பாருங்கள் என்று மட்டும்தான் நானும் சொன்னேன்.