ஸ்டெல்லா அக்காவின் சிவப்பு டிஸ்க்

மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடைக்குக் கீழே கேமராவோடு நின்றுகொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஆரோக்கியசாமி மாமா. முகூர்த்த நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார், தொழில் தெரிந்த மனிதர். எடுத்துக் காதில் வைத்தேன். "அக்கா போயிட்டாப்பா" என்றார். மேளச் சத்தத்தில் நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர்தான் மறுபடி பேசினார். "தாலி கட்டி முடியட்டும், அப்புறமா வா. பாதியில உட்டுட்டு வந்தீன்னா அவளுக்குக் கோவம் வரும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். காட்சி கொஞ்சம் ஆடித்தான் இருக்கிறது. அந்த வீட்டார் மன்னிக்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் கல்யாண வீடியோ எடுத்த எல்லோருக்கும் சிதம்பரம் ஸ்டெல்லா அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா கேமரா பிடிப்பார், அவர் கணவர் ஆரோக்கியசாமி மாமா லைட் பிடிப்பார். மண்டபத்தில் யாராவது மாமாவிடம் வந்து, "சார், எங்க சித்தப்பாவ ஒரு தரம் எடுங்க" என்றால், "நான் வெளிச்சம் மட்டும்தாங்க, படம் அவுங்க" என்று கையைக் காட்டுவார். நான் கடலூரில் அதே தொழில். அக்காவும் நானும் சண்டை போடாத மாதம் கிடையாது. என்னிடம் கோபித்துக்கொள்ளவும் இனி அவர் இல்லை என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்கள் பெரிய சண்டை டிஸ்க்கால் வந்தது. சாதா டிவிடிக்கு அடுத்து எது என்று உலகத்துக் கம்பெனிகளெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்ற சமயம் அது. ஒரு கட்சி எச்.டி. டிவிடி, இன்னொரு கட்சி ப்ளூ-ரே. இரண்டும் ஒரே அளவு வட்டம், ஒரே பளபளப்பு, படமும் ஏறக்குறைய ஒரே தெளிவு. ஆனால் இதன் டிஸ்க் அதன் பிளேயர் பெட்டியில் ஓடாது, அதன் டிஸ்க் இதில் ஓடாது. நான் ப்ளூ-ரே பக்கம் போனேன். அக்காவுக்கு அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து எச்.டி. டிவிடி எழுதும் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். போயும் போயும் இதையா எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏம்ப்பா, உன்னோட டிஸ்க்குக்கு உறை நீலம், என்னோடதுக்குச் செவப்பு. கல்யாண வூட்டுல மங்களகரமா எத கையில வாங்குவாங்க? நீயே சொல்லு."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் நடந்தது என்னவோ அவர் சொன்னதுதான். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள் அந்தப் பெட்டியையும் வரவழைத்துக்கொண்டு, சிவப்பு டிஸ்க்தான் வேண்டும் என்று அக்காவிடம் போய் நின்றன. தாம்பூலத் தட்டில் வைத்து வாங்கிக்கொண்டு போனவர்களை நானே பார்த்தேன். அந்த சீசன் முழுக்க என்னைக் கேலி செய்தே கொன்றார். அடுத்த சீசன் வருவதற்குள் எச்.டி. டிவிடிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பெட்டியும் இல்லை, டிஸ்க்கும் இல்லை. அப்புறம் கேலி என் முறை. நானும் ஒன்றும் குறை வைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, புவனகிரியிலிருந்து பூங்கொடி என்ற பெண் என் கடைக்கு வந்தாள். கையில் சிவப்பு உறை. கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டி கெட்டுப்போய், கணவர் புதிதாக ப்ளூ-ரே பெட்டி வாங்கியிருக்கிறார். டிஸ்க்கைப் போட்டால் அந்தப் பெட்டி 'டிஸ்க் இல்லை' என்கிறதாம். நீங்கள்தானே ப்ளூ-ரே ஆள், ஏதாவது செய்யுங்கள் என்றாள். நான் உடனே சிதம்பரத்துக்குப் போன் போட்டேன். "அக்கா, உங்க செவப்பு டிஸ்க் ஒண்ணு என் கடையில வந்து அழுவுது" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ண உக்கார வையி, வரேன்" என்று அடுத்த பஸ் பிடித்து வந்துவிட்டார்.

விஷயம் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே பூங்கொடியின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் நடப்பதும் பேசுவதும் இருப்பது இந்த ஒரு படத்தில்தான். கூடவே கொடுத்த சாதா டிவிடியை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஒரு சொந்தக்காரர் வாங்கிப்போனார். வாங்கிப்போனது வாங்கிப்போனதுதான். மூல டேப் இருக்குமே என்று வெளியாட்கள் கேட்பார்கள். நம் ஆட்களுக்குத் தெரியும், டிஸ்க்கைக் கையில் கொடுத்த மறுநாளே அதே டேப்பில் அடுத்த முகூர்த்தத்தை ஏற்றிவிடுவோம். அக்காவும் அப்படித்தான் செய்திருந்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்குது, ஏன் ஓடல?" என்று பூங்கொடி கேட்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "அவரோட டிஸ்க்கு வெள்ளரிக்கா மாதிரிம்மா, படம் தோலுக்குக் கீழயே இருக்கும். என்னோடது பலாப்பழம், படம் ஆழத்துல இருக்குது. மேலயே தேடுற பெட்டிக்கு அது கெடைக்காது. அதுக்காக உள்ள சொள இல்லன்னு ஆயிடுமா?" பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம், "நான் குடுத்தது ஓடலன்னா அது என் பாடும்மா, உன் பாடு இல்ல" என்றார். என்னைப் பார்த்து ஏன் சொன்னார் என்று அப்போது எரிச்சலாக இருந்தது.

இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்கிற கருவி ஒன்று கொஞ்ச காலம் விற்பனையில் இருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டுகிற டிரைவ். எச்.டி. டிவிடியைப் படிக்கும், ப்ளூ-ரேயில் எழுதும். அக்கா தம்பியை விரட்டி விரட்டி, சிங்கப்பூரில் பழைய சாமான் கடைகளிலெல்லாம் தேட வைத்து அதை வரவழைத்தார். என் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினோம். டிஸ்க்கைப் போட்டால் சுற்றுகிறது, முக்குகிறது, படிக்கவில்லை. வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்திலேயே சந்தனமும் குங்குமமும்!

"அம்மாதான் வெச்சாங்க. பெட்டி கெட்டப்பறம் சாமிகிட்ட வெச்சி எடுத்தப்ப" என்று பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டேன். "வருஷக் கணக்கா காஞ்சி கெடக்குது, மெதுவாத்தான் போவும். செவப்பு மங்களம்னு சொன்னவ நான்தான். அவுங்களும் செவப்புதான வெச்சிருக்காங்க" என்றார். சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொரு இழுப்பாக மெதுவாகத் துடைத்தார். குங்குமத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட விடவில்லை, கடை வாசலில் இருந்த செம்பருத்திச் செடியில் ஊற்றிவிட்டு வந்தார். மறுபடி போட்டோம். படித்தது.

சாப்பாட்டுப் பந்தி. வெள்ளை வேட்டியில் ஒரு மனிதர் இலை இலையாகக் கவனித்துக்கொண்டே வந்து, நேராகக் கேமராவைப் பார்த்துக் கேட்கிறார். "ஏம்மா, நீ சாப்ட்டியா?" நாமெல்லோரும் சத்தத்தை வெட்டிவிட்டுப் பாட்டைப் போடுகிற இடம் அது. அக்கா வெட்டாமல் விட்டிருந்தார். பூங்கொடி "அப்பா!" என்று ஒரு கத்து கத்தினாள். அதற்கு மேல் என்ன ஓடியது என்று யாரும் பார்க்கவில்லை, எங்களுக்கு அவளைத் தேற்றவே நேரம் சரியாக இருந்தது. அவள் போன பிறகு, பாட்டு போடாமல் அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "நம்மள யாருப்பா சாப்ட்டியான்னு கேக்கறான்? கேட்ட ஆள எப்பிடி வெட்டறது? கை வரல" என்றார். ப்ளூ-ரேயில் எழுதி பூங்கொடிக்குக் கொடுத்தோம். அதை நீல உறையில் கொடுக்க அக்கா சம்மதிக்கவில்லை, பழைய சிவப்பு உறையிலேயே வைத்துக் கொடுத்தார்.

பிற்பாடு அக்காவுக்குத் தொண்டையில் நோய் வந்தது. சிகிச்சையில் குரல் போயிற்று. போனில் எழுதித்தான் சண்டை போடுவார். அப்புறம் சாப்பாடும் இறங்கவில்லை. நான் மாமாவைக் கூப்பிடும்போதெல்லாம் முதல் கேள்வியே, "அக்கா ஏதாச்சும் சாப்ட்டாங்களா?" என்பதுதான்.

அடக்கம் முடிந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போட்டோ ஜாஸ்தியே இருக்குப்பா. அவ கொரலு ஒரு எடத்துலயும் இல்ல. உங்கிட்ட ஏதாச்சும் இருந்தா பாரேன்" என்றார். தேடினேன். ஆயிரம் வீட்டுக் குரல்களைப் பிடித்து வைத்தவரின் குரலை எங்கும் காணோம். எங்கே இருக்கும்? எல்லாவற்றின் மேலும் பாட்டுப் போட்டிருக்கிறோம்.

மாதா கோவிலில் நினைவுப் பூசை முடிந்து மாமா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பூங்கொடி வந்தாள். கையில் அதே சிவப்பு உறை, இன்னொரு பையில் அவள் வீட்டுப் பெட்டி. நேராகப் போய் டிவியில் மாட்டினாள். அவள் அப்பா பந்தியில் வந்தார். "ஏம்மா, நீ சாப்ட்டியா?"

"லைட்டு புடிக்கறவரு மொதல்ல சாப்புடட்டும்ப்பா. நான் கூப்புடாம அவரு போவ மாட்டாரு. இருங்க, கூப்புடறேன்."

அக்காவின் குரல். நோய்க்கு முந்திய, எங்களை மிரட்டுகிற அந்தக் குரல். மாமா சிரித்தார், சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. "கூப்புடவே இல்லப்பா இவ. மறந்துட்டா. அன்னிக்கு எனக்கு வெறும் ரசம் சோறுதான் கெடச்சிது" என்றார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பூங்கொடி போட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைக்குத் திரும்பிய பிறகு அந்த மஞ்சக்குப்பம் கல்யாணத்தை எடிட் செய்ய உட்கார்ந்தேன். போன் வந்தபோது கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மேளத்துக்கு நடுவில், மைக்குக்கு மிக அருகில், நான் மாமாவுக்குச் சொன்ன பதில் கேட்டது. அக்கா போய்விட்டார் என்று சொன்ன மனிதரிடம் நான், "அக்கா சாப்ட்டாங்களா மாமா?" என்று கேட்டிருக்கிறேன்.

மங்கள காரியம், அந்த வீட்டுக்குக் கொடுத்த படத்தில் அதன் மேல் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டேன். என் காப்பியில் வெட்டவில்லை. கை வரவில்லை, அக்கா.