ஞானம்மாவின் கடை

நகராட்சிக் கூட்டத்தில் அதிகாரிகள் புதிய தொழில்நுட்ப நகரின் வரைபடத்தை விரித்து, சுருண்டுவிடாமலிருக்க மூலைகளில் தண்ணீர் பாட்டில்களை வைத்தபோது, பாறசாலை சந்தைமுக்கில் நாங்கள் குடியிருந்த மாடியறை ஞாபகம் வந்தது. எல்லைப் போராட்ட நாட்களில், ஊர் தமிழகத்தோடு சேர்ந்துவிடும் என்று நம்பி, ஓவர்சியரான அப்பா அங்கே உட்கார்ந்து கடைத்தெருவும் தமிழ்ப் பள்ளியும் பஸ் நிலையமுமாக ஒரு புது ஊரையே வரைந்துகொண்டிருந்தார். கீழேயிருந்து கருவாட்டு வாசனையும் மாட்டுவண்டிச் சத்தமும் ஏறிவந்துகொண்டே இருக்கும்.

வெயிலில் கருவாடு விற்கும் ஞானம்மா, சந்தை கலைந்ததும் தினமும் படியேறி வருவாள்.

"எனக்க கடை எங்க ஆக்கும், சார்?"

"இந்தா, இங்க. மேல ஓடு உண்டு."

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அப்பா காட்டிய கட்டத்தை மெல்லத் தடவிப் பார்ப்பாள்.

கடைசியில் பாறசாலை கேரளத்திலேயே நின்றுபோனது. அப்பா வரைபடத்தைச் சுருட்டிப் பரணில் போட்டார். மறுநாளும் ஞானம்மா வந்தாள்.

"இனி மலையாளத்துல எழுதினா போதும்லா, சார்? எனக்க கடைய மட்டும் அழிச்சிராதீங்க."

சில வருடங்களில் சாலையை அகலமாக்க வந்தவர்கள் சந்தைமுக்கை மொத்தமாக இடித்தார்கள். அவள் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா விசாரிக்கவும் இல்லை.