பீட்ரூட் ஊறுகாயில் விழுந்த சாயம்

அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு வெளுப்புப் பட்டறையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் ஐந்தாறு ஊர். எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. ஊட்டியில் ஒரு எஸ்டேட் பங்களாவில் பாத்திரம் கழுவியபோது பீட்ரூட்டைக் காடியில், அதாவது வினிகரில், போட்டு பாட்டிலில் அடைக்கக் கற்றுக்கொண்டேன். உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

திருப்பூர் ராயபுரத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் சாயப்பட்டறையில் வேலை செய்தான். அறைக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டு இருவருமாகப் பாத்தி கட்டினோம். ஐப்பசியில் விதைத்த பீட்ரூட் தையில் கைக்கு வந்தது.

ஊறுகாய் வேலையில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கிழங்கைத் தோலோடும் வாலோடும் இரண்டு விரல் தண்டோடும் வேகவைக்க வேண்டும். முதலிலேயே கத்தி பட்டால் நிறமெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். வெந்த பிறகுதான் உரித்து, வில்லை போட்டு, கரும்புச் சாறு புளித்த காடி, உப்பு, வெல்லம், கிராம்பு சேர்ப்பேன். பாட்டிலைக் கொதிநீரில் நிறுத்தி எடுத்து, சூட்டோடு மூடி, மேலே மெழுகு ஊற்றுவேன். வேறொன்றும் கிடையாது.

கடைவீதியில் மளிகை வைத்திருந்த பாய் முதல் தடவை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சாயம் கீயம் இல்லீங்களே?"

"இல்லீங்க பாய். நம்பி வெய்யுங்க."

"உங்க பேச்சுக்குத்தானுங்க வெக்கறேன். மூஞ்சியப் பாத்தா வெச்சிருக்க மாட்டேன்."

பாட்டில்கள் விற்றுப்போயின. வாழ்க்கையில் முதல் முறையாக, இந்த ஊரிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டாவது பாத்தியிலும் விதை ஊன்றினேன்.

மாசியில் பட்டறையில் வேலை நெருக்கியது. "நீ போ, நான் பாத்துக்கறேன். கெழங்கு வேகவெக்கறது என்ன பெரிய வித்தையா?" என்றான் அறைக் கூட்டாளி. இரண்டு வாரம் அவனிடம் விட்டேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் பாய் கூப்பிட்டனுப்பினார். ஒரு வெள்ளைப் பனியனை எடுத்து மேசைமேல் போட்டார். வாடிக்கைக்காரர் ஒருவர் சாப்பிடும்போது ஊறுகாய்த் தண்ணீர் சிந்தியதாம்.

"மூணு தரம் தொவச்சு வெயில்ல போட்டாங்களாம். போகலீங்க."

என் பனியனில் வாரம் தவறாமல் பீட்ரூட் சிந்தும். ஒரு சோப்பு, ஒரு வெயில், அதோடு சரி. இது நூலுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. தினமும் துணி வெளுக்கிற கைக்கு அது என்னவென்று தொட்டதுமே தெரிந்துவிட்டது. துணிக்குப் போடுகிற சிவப்புச் சாயம்.

"ஏனுங்க, திருப்பூர்க்காரங்ககிட்டயே சாயத்த மறைக்கப் பாக்கறீங்களா?"

"நான் கலக்கலீங்க பாய்."

"உங்க கூட்டாளி நேத்தே வந்து சொல்லிப்போட்டாருங்க. நீங்கதான் கலக்கறீங்களாம். அவரு தடுத்தும் கேக்கலீங்களாம்."

அறைக்குப் போனேன். அவன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். மறைக்கவில்லை.

"சீக்கிரம் வேகட்டும்னு சீவிப் போட்டேன். வெளுத்துப் போச்சு. அத்தனை பாட்டிலையும் கொட்டச் சொல்றயா? ஒரு சிட்டிகைதான் போட்டேன்."

"என் மேல எதுக்குச் சொன்னே?"

கையை உதறினான். "நீ எப்படியும் மூட்டை கட்டற ஆளு. நான் இங்கயே பொழைக்கோணும். கெட்ட பேரு போறவனோட போகட்டும்னு நெனச்சேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் தங்குவதாக இருந்ததை அவனிடம் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவர எனக்கு எட்டு வருசமாத் தெரியுங்க. உங்கள எட்டு மாசங்க. நான் யாரு பேச்ச எடுக்கட்டும்?"

அவர் இடத்தில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். மிச்சமிருந்த பாட்டில்களை வாங்கி வந்து, மெழுகை உடைத்து, ஒவ்வொன்றாகக் குழியில் கொட்டினேன். அவன் ஒரு கை பிடிக்க வந்தான். வேண்டாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தாராபுரம் பஸ் ஏறினேன். நான் போய்விட்டால் அவன் சொன்னதுதான் மெய் என்று ஆகிவிடும். அது தெரிந்துதான் ஏறினேன்.