நாவுலக் குரங்கின் மூளைப் படங்களை ஏன் பூட்டி வைக்கவில்லை

மாத்தளை மாவட்டத்து நாவுலயில் மின்கம்பியில் அடிபட்டுச் செத்த ஒரு குரங்கின் மூளையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். அந்தப் படங்களை எல்லா நாட்டு ஆய்வாளர்களும் எடுத்துப் பார்க்க இணையத்தில் விடவேண்டும் என்பது என் கட்சி. மற்றக் குரங்கினங்களின் மூளையோடு ஒப்பிட்டால்தானே நம் குரங்கு எதில் வேறுபடுகிறது என்று தெரியும்?

ஆய்வுத் தலைவர் மறுத்தார். "வெளிநாட்டுக்காரங்க நமக்கு முந்தி எழுதிடுவாங்க." பகிரலாம் என்று வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரத்திலேயே இருப்பதைக் காட்டினேன். உடனே வேறு காரணம் வந்தது. குரங்கு எத்தனை மணிக்குச் செத்தது, உடலை எப்படி வைத்திருந்தார்கள் என்ற குறிப்பு இல்லையாம். அது நியாயமான குறைதான். ஆகவே ஒரு சனிக்கிழமை நானே கிளம்பினேன்.

மாத்தளையில் காலை 6.15க்கு தம்புள்ளை பஸ். அலுவிகாரையிலேயே இருக்கைகள் நிறைந்துவிட்டன. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், 7.10க்கு நாவுல. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் த்ரீவீலரில், போய்வர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

உடலைக் கண்டெடுத்த விவசாயி ரிஸ்வான் நானா போஞ்சிப் பாத்தியில் நின்றார். குரங்கு என்றதும் முகம் சுருங்கியது.

"தோட்டத்துல பாதிய அதுங்கதான் தின்னுதுங்க மிஸ். செத்ததுக்கு இவ்வளவு மரியாதையா?"

"எத்தனை மணிக்கு விழுந்திச்சின்னு ஞாபகம் இருக்கா நானா?"

"சுபஹு தொழுதுட்டு வெளிய வந்தேன். பொறி பறந்திச்சி, கரண்டும் போச்சி. உடனே கரண்ட் சபைக்கு எஸ்.எம்.எஸ்.ல முறைப்பாடு அனுப்பினேன்." போனைத் துழாவிக் காட்டினார். 5.52. "வனஜீவி ஆபீசுக்கும் சொன்னேன், பழுதாகாம வைக்கச் சொன்னாங்க. தம்பிக்கு மீன் யாவாரம். அவன் மீன் வெக்கிற ரெஜிஃபோம் பெட்டியில ஐஸ் போட்டு வெச்சேன். ஆபீஸ்காரங்க பத்து மணிக்கு வந்து எடுத்தாங்க."

அத்தனையும் எழுதிக்கொண்டேன். அதன் கீழே கையெழுத்துப் போடுமுன் நிமிர்ந்தார்.

"இந்தப் படத்த யார் வேணும்னாலும் பாக்கலாமா? என் மகளும்?"

"பார்க்கலாம்."

"அப்ப என் பேரையும் போடுங்க."

திங்கட்கிழமை தலைவர் அந்தப் பெயரில்தான் விரலை வைத்தார். "விவசாயி பேரெல்லாம் எதுக்கு? அது இருந்தா இதுல என் பேர் வராது."

"சரி சார். அவர் பேரும் என் பேரும் வரும்."

 அன்று மதியமே படங்களை ஏற்றினேன். மூன்றாம் நாள் பிரேசிலில் இருந்து ஒரு மாணவி எழுதினாள். அவளிடமுள்ள குரங்கு மூளைகளோடு ஒப்பிடத் தொடங்கிவிட்டாளாம். தன் படங்களையும் பகிரப்போகிறாளாம். தலைவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இதே வேலையாகப் போகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வெயில் ஏறினால் தோட்டத்தில் ஆளைப் பிடிப்பது கஷ்டம். கண்டெடுத்தவரின் வார்த்தையை அவர் முன்னாலேயே எழுதுங்கள். யாராவது படங்களைப் பூட்டி வைக்கச் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நான் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். இன்றுவரை ஒரு வரி வரவில்லை.