கருவிழியின் ஓரம்

என் ஓரகத்திக்கு வீட்டில் வாய் ஓயாது. கண் வங்கிக்கு வேலைக்குப் போனால் வாயே திறக்கமாட்டாள். செல் வளர்க்கும் திறந்த தட்டின் மேல் பேச்சுக் காற்றுப் பட்டாலே கெட்டுவிடுமாம். முகத்துக்குப் பவுடர்கூடப் போடாமல் போவாள். அங்கே ஆய்வகத்தை நடத்தும் ஒரு மேடத்தின் கீழ், தட்டுகளைக் கழுவிக் கிருமி போக ஆவியில் வைப்பதும், செல் வளரும் வெப்பப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. "பகல் பூரா நீ பேசாம இருக்கியா? அந்த மேடத்துக்குக் கோயில்தான் கட்டணும்" என்று அவள் வீட்டுக்காரர், என் கொழுந்தனார், கேலி செய்வார்.

மாமனார் இறந்தபோது கண்ணைக் கொடுக்கலாம் என்று சொன்னவள் அவள்தான். அத்தையும் சம்மதித்தார். கண்ணை எடுத்துப் போன பிறகு வந்து சேர்ந்த என் நாத்தனார், "அப்பாவைக் கண்ணில்லாம அனுப்புறீங்களே, மேலே போற வழி அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டாள். அன்றே அத்தைக்குத் தூக்கம் போயிற்று. கண்ணைப் படைத்தவனுக்கு அவரை அடையாளம் தெரியாமலா போகும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அத்தை ஓரகத்தியிடம் கேட்டது ஒன்றைத்தான்: "யாருக்காவது ஆச்சா? அதை மட்டும் சொல்லு."

யாருடைய கண் யாருக்குப் போனது என்று சொல்லக் கூடாது. பயன்பட்டதா என்று கொடுத்த வீட்டுக்குச் சொல்லலாம். மறுநாள் அவள் வந்தபோதே முகம் சரியில்லை. கருவிழியின் நடுவில் பழைய தழும்பு, அப்படியே இன்னொருவருக்கு வைக்க முடியாதாம். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் கண்ணையே விரலால் காட்டி விளக்கினாள். கறுப்பும் வெள்ளையும் சேருகிற இடத்தில் வளையமாக ஓர் ஓரம் இருக்கிறது. ஸ்டெம் செல் என்று விதை மாதிரியான செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவை அவை. சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணிலும் அந்த ஓரம் வெந்துபோனவர்களுக்கு, இறந்தவர் கொடுத்த கண்ணின் ஓரத்திலிருந்து எடுத்து வளர்த்து வைக்கலாம். மாமனாருக்கு ஓரம் நன்றாக இருந்ததால், மேடம் அதைப் பொடித்துண்டுகளாக நறுக்கித் தட்டில் வைத்திருக்கிறார்.

"வயசான கண்ணு அத்தை. முளைச்சாலும் முளைக்கும், இல்லேன்னா இல்ல. உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன்."

பிறகு எங்கள் வீடே பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் ஆயிற்று. துண்டுகள் தட்டில் ஒட்டிக்கொள்ளும்வரை அசையக் கூடாதாம். ஒருநாள் என் கணவர் வாசல் கதவை அறைந்து சாத்த, அத்தை அதட்டினார்: "மெதுவாடா. அங்க அப்பா ஒட்டிக்கிட்டிருக்காரு." நாங்கள் சிரிப்பை அடக்கிப் பார்த்தோம். கடைசியில் அத்தையே சிரித்துவிட்டார்.

பக்கத்துத் தட்டுகளில் வேறு கண்களின் துண்டுகள் முளைத்தன. மாமனாருடையது அப்படியே இருந்தது. ஓரகத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். நான் ஆண்டவனை நச்சரித்தேன்.

ஒரு பகலில் போன் வந்தது. வேலை நேரத்தில் போனைத் தொடாதவள் அவள்.

"அக்கா, அத்தையைக் கூட்டிட்டு உடனே வாங்க. மேடமே வரச் சொன்னாங்க."

செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினோம். உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றோம். மைக்ரோஸ்கோப்பில் தெரிவதை மேடம் கம்ப்யூட்டர் திரையில் போட்டுக் காட்டினார். நடுவில் கறுப்பாக ஒரு துண்டு. அதைச் சுற்றி, கூழாங்கல் பாவிய தரைபோல, நெருக்கி நெருக்கிச் செல்கள். முகமூடி போட்ட ஓரகத்தி பேச முடியாமல் விரலால் திரும்பத் திரும்ப வட்டம் போட்டுக் காட்டினாள்.

மேடம் வெளியே வந்தார். இது தாள்போலப் பரவியதும் கண் வெந்துபோன ஒருவருக்கு வைக்கப்போவதாகச் சொன்னார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

அத்தை கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தார். "அந்த மனுஷன் எதையும் லேசில ஆரம்பிக்கமாட்டாரு. ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு" என்றார். பிறகு என் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார்.

"உங்கப்பா முளைச்சிட்டாருடி. இங்க கம்ப்யூட்டர்ல, என் கண்ணு முன்னாடி இருக்காரு."

நாத்தனாரின் குரல் என் காதுக்கும் கேட்டது: "நான் வர்ற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரை அணைக்க வேணாம்னு சொல்லும்மா."