இடது கன்னத்து இருட்டு

என் வீட்டுக்காரர் தன்னையே வரைந்த படம் ஆனையூர் வீட்டில் மாட்டியிருக்கிறது. முகத்தின் இடப்பக்கம் முழுக்க இருட்டு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வருகிறவர்கள், "நெழலை என்னமா விட்டிருக்காரு" என்று நின்று பார்க்கிறார்கள். அது நிழல் இல்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

அவர் சாரத்தில் ஏறிச் சுவர் விளம்பரம் வரைகிற பெயிண்டர். வேலை இல்லாத ஒரு வாரம், வாசல் இடப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, கண்ணாடி பார்த்துத் தன் முகத்தை வரைய ஆரம்பித்தார். காலை வெயில் இடது கன்னத்தில்தான் விழும். படத்திலோ அந்தக் கன்னம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போனது. நான் ரெண்டாங்கிளாஸோடு நின்றவள். ஆனாலும் சோழவந்தான் பக்கம் நாற்று நட்டே வளர்ந்தவளுக்கு வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். கேட்டேன். "படத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

மறுநாள் காபியை அவருக்கு இடப்பக்கமாக நீட்டினேன். சத்தம் காட்டவில்லை. டம்ளர் விரலைச் சுட்டது, ஆறும்வரை நின்றேன். அவர் கண்ணாடியை விட்டுத் திரும்பவேயில்லை. விடிந்தால் கப்பலூரில் ஒரு கம்பெனிச் சுவர். நான்கு மாடி உயரம்.

காலையில் கூட வேலை பார்க்கிற அண்ணன் வண்டியோடு வந்து நின்றார். "என்ன மாப்ள, இன்னும் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்க? பொண்ணு வீட்டுல வாராகளா?" என்று சிரித்தபடி, இவருடைய பிரஷ் பையை எடுத்து வண்டியில் மாட்டினார்.

"அண்ணே, இவரு இன்னைக்கு வரல. கண்ணு தெரியல" என்றேன்.

"யாருக்குடி கண்ணு தெரியல?" என்று என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

அவருடைய இடது கண்ணுக்குப் பக்கவாட்டில் கையை நீட்டினேன். "அண்ணனை நேரா பாத்துக்கிட்டே சொல்லுங்க. எத்தனை விரலு?"

"எங்க நீட்டுற?" என்றார், மெதுவாக.

அண்ணன் பையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் கண் டாக்டர். கூட்டாளி முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று இவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நானும் போய்க் கெஞ்சவில்லை. ஆள் சாரத்திலிருந்து இறங்கியாயிற்று, பேச்சு வரும்போது வரட்டும் என்று வேளை தவறாமல் மருந்தை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு மாசம் போனது. ஒரு சாயங்காலம் சோற்றுத் தட்டோடு அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு" என்றார். "அங்க இருந்தா நீ இருக்கிறதே எனக்குத் தெரியல."

தட்டை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போனேன்.